திருச்சிச் சுருட்டும் தரம் பார்க்கும் முறையும்

சுருட்டைப் பற்றி ஒரு கூட்டுறவுப் பத்திரிகையில் எழுதுவதா என்று அங்கத்தினர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எவரையும் சுருட்டுக் குடிக்கத் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயளவிலேயே விட்டுவிட்டாலும், வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகிய இடங்களில் அது புற்றுநோயை உண்டாக்க வல்லது. புகையிலைப் பொருள்களுக்கு விளம்பரம் செய்வதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கின்றது. ஆதலால் விற்பனையிலுள்ள எந்தச் சுருட்டின் பெயரையும் நாம் இங்கே குறிக்கப் போவதில்லை. எனினும் புகையிலை பயிரிடுவோரும் சுருட்டுச் சுற்றுவோரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுடைய இலைக்கும் உழைப்புக்கும் விலை வைப்பவர் யார், எதைப் பார்த்து வைக்கிறார் என்பது அறியத்தக்கதே. தரத்தைச் சொல்லத் தெரிந்தவன் விலையைச் சொல்லுகிறான், தெரியாதவன் கேட்டுக்கொள்ளுகிறான். இந்த நிலைமை நெசவாளருக்கும் புதிதன்று.

உறையூரை எடுத்துக்கொள்வோம். சோழர் தலைநகராயிருந்த அவ்வூரின் துணி மிகப் பழமையான கீர்த்தியுடையது. கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்புளூஸ் என்னும் கடல் வழி நூல், அர்காரு என்ற ஊரின் மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகின்றது. அந்த அர்காரு உறையூரே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. அதே உறையூரின் தெருக்களில்தான் பிற்காலத்தில் திருச்சிச் சுருட்டும் சுற்றப்பட்டது. ஆங்கிலேயர் சுருட்டை ‘செரூட்’ என்பர். அச்சொல் நம்முடைய ‘சுருட்டு’ என்ற சொல்லின் திரிபே என்று 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி கூறுகின்றது. 1670களில் சோழமண்டலக் கரைக்கு வந்த தாமஸ் பௌரி என்ற ஆங்கிலக் கப்பற்காரர், இங்குள்ள மக்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைத் தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஐரோப்பியச் சுருட்டு ஒரு முனையில் குவிந்து மூடியிருக்கும். அதை வெட்டிய பின்னரே பற்றவைக்கலாம். நம் சுருட்டு இரு முனையும் நறுக்கப்பட்டுத் திறந்திருக்கும். வேற்றுமை அவ்வளவே என்று சொல்லிவிட முடியாது. மற்றவற்றைப் பின்னர்க் காண்போம்.

விக்டோரியா ராணி காலத்தில் திருச்சிச் சுருட்டு இங்கிலாந்துக்கு ஏராளமாகக் கப்பலேறியது. ஆர்தர் கானன் டாயில் எழுதி 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், லண்டனில் ஒரு பாழ்வீட்டுத் தரையில் கிடந்த சாம்பலைக் கண்டே, கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். சர்ச்சில் பெருமகனாரையும் நம் பகுதிச் சுருட்டோடு சேர்த்துக் கதை சொல்லுவோர் உண்டு. கணக்குத் தணிக்கை செய்து பழகிய நமக்கு, வாய்ச்சொல்லை விட அச்சிலிருக்கும் சான்றே பெரிது. ஆகவே ஹோம்ஸையே எடுத்துக்கொள்வோம். அவர் கண்ட சாம்பல் எப்படியிருந்தது? கருநிறமாகவும் செதில் செதிலாகவும் இருந்ததாம். கதைதான் என்றாலும் இந்த விவரத்தை அங்கத்தினர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். நம் ஊருக்கு உலகப் புகழ் தேடித்தந்த அந்தச் சாம்பல், தரம் பார்ப்பவர் மேசையில் மதிப்பெண் குறைக்கப்படும் சாம்பலாகும்.

பெயர் திருச்சிக்கு உரியதாயினும் இலை பெரும்பாலும் திண்டுக்கல் சீமையில் விளைந்தது. ஊசிக்காப்பல், வட்டக்காப்பல் என்று குடியானவர்கள் வழங்கிய வகைகள் அங்கே பயிராயின. முன்னதின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும்; பின்னதின் இலை அகன்றிருக்கும். சென்னை ஸ்பென்சர் கம்பெனியார் திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை வைத்து நடத்தினர். கோதாவரி ஆற்றுத் திட்டுகளில் விளையும் லங்கா இலையும் சுருட்டுக்கு ஏற்றது. இவ்வாறு இலை ஓரிடம், சுற்றுவது ஓரிடம், பெயர் ஓரிடம், கப்பலேற்றுவோன் வேறோரிடம் என்றிருந்ததில், ‘திருச்சி’ என்ற பெயருக்குப் பொறுப்பாளி எவரும் இல்லாமற் போயினர். நல்ல சரக்குக்கும் அதே பெயர். மட்டச் சரக்குக்கும் அதே பெயர். சிகரெட்டின் வரவு தொழிலைத் தாக்கியது உண்மையே. ஆயினும் பொறுப்பாளியில்லாத பெயர் தானாகவும் தேயும் என்பதே நம் அபிப்பிராயம். உறையூரில் இன்றும் கையால் சுற்றுவோர் இருக்கின்றனர். ஆனால் மிகச் சிலரே.

இனி உலகின் மறுபக்கத்தைப் பார்ப்போம். சுருட்டு என்றால் கியூபா என்பது நெடுங்கால வழக்கு. அங்கே 1959இல் புரட்சி நடந்தது. 1960இல் சுருட்டுத் தொழிற்சாலைகள் அரசுடைமையாயின. 1962 பிப்ரவரியில் அமெரிக்கா கியூபாவோடு வர்த்தகத்தை அடியோடு தடை செய்தது. நாட்டைவிட்டு வெளியேறிய கியூபாப் பயிர்க்காரரும் சுருட்டுத் தொழிலாளரும் தங்கள் விதையையும் கைப்பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகராகுவா ஆகிய நாடுகளில் குடியேறினர். சாந்தியாகோ, தன்லி, எஸ்தெலி என்னும் ஊர்கள் இவ்வாறுதான் சுருட்டு ஊர்களாயின. இன்று அவ்வூர்களில் பெரிய கம்பெனிகளோடு சிறிய பட்டறைகளும் இருக்கின்றன. சிறு பட்டறைக்காரர் கொஞ்சமாகச் சுற்றுகின்றனர். எந்த இலை எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது, எந்த ஆண்டு அறுவடை, எத்தனை ஆண்டு வைத்திருந்தது என்பதை வாங்குவோருக்கு எழுத்தில் தருகின்றனர். கியூபாவின் பெயர் அவர்களுக்குக் கிடையாது. அந்தக் குறையை ஈடு செய்தது பெயரை மறைத்துச் சோதிக்கும் முறையாகும்.

அம்முறை யாதெனில், சுருட்டின் இடுப்பிலிருக்கும் காகித வளையத்தை முதலில் எடுத்துவிடுவர். எந்த நாட்டுச் சரக்கு, என்ன விலை என்பது சோதிப்பவருக்குத் தெரியாது. 1992இல் தொடங்கிய ஓர் அமெரிக்கச் சுருட்டுப் பத்திரிகை இதற்கு நூறு மதிப்பெண் வகுத்து அதை நான்கு பங்காக்கியது. தோற்றமும் கட்டுமானமும் 15, சுவை 25, எரியும் தன்மையும் இழுப்பும் 25, பொது மதிப்பு 35. பொது மதிப்பு என்ற தலைப்பில் இவ்வளவு பெரிய தொகையை வைத்திருப்பது நமக்கு உடன்பாடன்று. ‘பலவகைச் செலவு’ என்று ஒரே வரியில் பெருந்தொகை எழுதும் காரியதரிசியை நாம் சும்மா விடுவதில்லை. எனினும் பெயரை மறைத்து, தலைப்புப் பிரித்து, எழுத்தில் பதிவு செய்வதால், பெயரில்லாதவனும் பெயருள்ளவனோடு ஒரே மேசையில் உட்கார முடிந்தது. அவ்வாறு நல்ல மதிப்பெண் பெற்ற சிறு பட்டறைக்காரர், கியூபாவின் நிழலிலிருந்து வெளியே வந்தனர்.

இதில் ஆறுதலான விஷயம் ஒன்றுண்டு. சோதனையின் பெரும்பகுதிக்கு நெருப்பே தேவையில்லை. கண்ணும் கையும் மூக்கும் போதும்.

சுருட்டில் மூன்று வகை இலை உண்டு. நடுவே நிறைந்திருப்பது உள் இலை. அதைப் பிடித்துக் கட்டுவது கட்டு இலை. வெளியே போர்த்துவது மேல்சுற்று இலை. நெசவாளர் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். முகப்பு கெட்டியாக இருந்து உள்மடிப்பு நொய்ந்திருக்கும் சேலையை அவர்கள் கண்டிருப்பார்கள். மேல்சுற்று இலை மெல்லியதாய், துளையில்லாமல், நரம்பு தடிக்காமல், சற்றே எண்ணெய்ப் பசையோடு இருத்தல் வேண்டும். நிறம் தலையிலிருந்து கால் வரை ஒன்றாக இருத்தல் வேண்டும். திட்டுத் திட்டாகப் பச்சை தெரிந்தால், இலை முற்றாமல் அறுக்கப்பட்டதென்றோ பதம் போடுகையில் அவசரப்பட்டதென்றோ பொருள்.

பின்னர் இரு விரலால் நுனி முதல் அடி வரை மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். எங்கேனும் கல்போல் இருந்தால் அங்கே புகை அடைபடும். எங்கேனும் பொதுபொதுவென்று அமுங்கினால் அங்கே தீ வேகமாக ஓடிக் கசப்பேறும். நல்ல சுற்றுக்காரர் உள் இலையை நீளவாக்கில் விசிறிபோல் மடித்துப் புகை செல்ல வழி விடுவார். மட்டமான சுருட்டில் துண்டும் தூளும் அடைத்திருக்கும். நறுக்கிய முனையைப் பார்த்தாலே இது விளங்கும். அடுத்தது மோந்து பார்ப்பது. நன்றாகப் புளித்துப் பதமான இலை, வைக்கோற்போர், மாட்டுக் கொட்டில், கருப்பட்டி, பழைய மரப்பெட்டி இவற்றையொத்த வாசனை தரும். மூக்கைச் சுரீரென்று தாக்கும் நவச்சார நெடி இருந்தால், பதம் முடியுமுன் இலையை விற்றுவிட்டார்கள் என்று அறியலாம். பற்றவைக்கும் முன் ஒருமுறை வெறுமனே இழுத்துப் பார்ப்பதும் உண்டு. காற்று தாராளமாக, ஆனால் சிறு தடையோடு வரவேண்டும். உதட்டில் இனிப்பு ஒட்டினால் கவனமாயிருக்க வேண்டும். வெல்லம், பழச்சாறு முதலியன கலந்த சாற்றை இலைக்கு ஊட்டும் வழக்கம் பல இடங்களில் இருக்கின்றது. அளவோடு ஊட்டினால் குற்றமில்லை. மட்டமான இலையை மறைப்பதற்கு ஊட்டினால், சாயம் கொண்டு நூலின் குறையை மறைப்பதற்கு ஒப்பாகும்.

நெருப்பு வைத்த பின் சுருட்டை மூன்று பங்காகப் பிரித்துக் குறிப்பெழுதுவது வழக்கம். முதற்பங்கு, நடுப்பங்கு, கடைப்பங்கு. நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் கூடாது. மிகுதியாக இழுத்தால் சூடேறிச் சுவை கெடும். சுவையைச் சொல்லுவதற்கு மேனாட்டார் பழத்தோட்டம், மிட்டாய்க்கடை எல்லாவற்றையும் துணைக்கழைக்கின்றனர். நமக்கு அவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கார்ப்பு, கைப்பு என்று அறுசுவை வகுத்த மொழி நம்முடையது. அதிலும் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், ஒரு வாய் காப்பியைக் குடித்து, வறுவல் முறுகியதா, சிக்கரி எவ்வளவு, டிக்காஷன் முதலாவதா இரண்டாவதா என்று சொல்லும் பெரியோர் இருக்கின்றனர். அந்த நாக்குதான் இங்கும் வேண்டும். மிளகின் காரம் நாக்கின் நுனியில் நிற்கிறதா, தொண்டையில் உறுத்துகிறதா? துவர்ப்பு, கொட்டைப்பாக்குப் போல் இதமாயிருக்கிறதா, பிஞ்சு வாழைக்காய் போல் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதா? இவ்வாறு எழுதினால் போதும்.

முறையைச் சொல்லிவிட்டுச் செய்து பார்க்காமலிருப்பது நமக்குப் பழக்கமில்லை. ஆதலால் அண்மையில் ஸ்ரீரங்கத்தில், காவிரிக் கரையோரமுள்ள நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பில் மூன்று சுருட்டுகளைச் சோதித்தோம். உறையூரில் நெடுங்காலம் சுற்றிய முதியவர் ஒருவரும், வேடசந்தூர்ப் பக்கத்துப் பயிர்க்காரர் ஒருவரும் உடனிருந்தனர். சோதனையில் கலந்துகொள்ளாத தோப்புக்காரர், வளையங்களை நீக்கி, ஒன்றுக்குச் சிவப்பு நூலும் ஒன்றுக்கு வெள்ளை நூலும் ஒன்றுக்கு நீல நூலும் கட்டித் தந்தார். ஒவ்வொரு பங்கிலும் சில இழுப்புகளே இழுத்து, இடையிடையே தண்ணீரால் வாய் கொப்பளித்துக்கொண்டோம்.

சிவப்பு நூல் கருநிறமுடையது, பார்வைக்குக் கம்பீரமாயிருந்தது. ஓர் அங்குலத்துக்குக் கீழே விரல் அமுங்கியது. உதட்டில் இனிப்பு, அது தீர்ந்ததும் காரம், காரத்துக்குப் பின் வெறும் கைப்பு. இருமுறை அணைந்து மறுபடி பற்றவைக்க நேர்ந்தது. சாம்பல் கறுத்துச் செதிலாக உதிர்ந்தது. ஹோம்ஸ் அங்கிருந்தால் ஊரைச் சொல்லியிருப்பார்.

வெள்ளை நூல் தோற்றத்தில் மாசற்றது. நரம்பு கண்ணுக்குப் படவில்லை. தொடக்கத்திலேயே மிளகுக் காரம் பலமாயிருந்தது. பின் முறுக வறுத்த காப்பிக்கொட்டையின் இனிய கைப்பு. தீ வட்டமாக இறங்கியது. சாம்பல் ஓர் அங்குலத்துக்கு மேல் உதிராமல் நின்றது. நடுப்பங்கிலும் கடைப்பங்கிலும் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. பாடகர் முதற்பாட்டையே மூன்று முறை பாடியது போலிருந்தது.

நீல நூல் தோற்றத்தில் ஏழை. மேல்சுற்று இலையில் ஓரிடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது, நரம்பும் தடித்திருந்தது. ஆனால் புகையில் கருப்பட்டியும் வறுத்த கொத்தமல்லியும் கலந்தாற்போன்ற ஒரு மணம் எழுந்தது. நடுப்பங்கில் அது மாறிப் பாக்கின் துவர்ப்பும் பழைய தேக்குமரத்தின் வாசனையும் வந்தன. கடைப்பங்கில் சற்றே உவர்ப்பும் கைப்பும் மேலிட்டன. தீ ஒருபுறம் சாய்ந்து எரிந்தது. ஒருமுறை திருத்த வேண்டியிருந்தது.

மேற்சொன்ன நான்கு தலைப்பிலும் முறையே வெள்ளைக்கு 14, 20, 23, 29, ஆக 86. நீலத்துக்கு 9, 21, 20, 28, ஆக 78. சிவப்புக்கு 10, 13, 12, 20, ஆக 55 என்று எழுதிய பின்னரே தோப்புக்காரர் விவரம் சொன்னார். வெள்ளை, நிகராகுவாவில் ஒரு சிறு பட்டறையில் சுற்றியது. சிவப்பு, நம் பக்கத்துக் கடைச் சரக்கு. நீலம், இனிப்புச் சாறு ஊட்டாத திண்டுக்கல் இலையை ஓராண்டு வைத்திருந்து உறையூரில் சுற்றியது. வெள்ளைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் 8. கட்டுமானத்தில் 5, எரிதலில் 3, பொது மதிப்பில் 1 குறைவு. சுவையிலோ நீலமே 1 மிகுதி. விலையில் வெள்ளை பல மடங்கு மிஞ்சியது. சுவையில் தோற்காத இலை, தோற்றத்திலும் எரிதலிலும்தான் தோற்கிறது என்பது இந்தக் கணக்கில் வெளிப்படை. இவ்விரண்டும் திருத்தக் கூடியவை.

நீலத்தின் கடைப்பங்கை இழுத்த முதியவர் பயிர்க்காரரிடம், “தம்பி, இது உப்புக் கிணத்து இலை போல இருக்குதே” என்றார். “ஆமாங்க பெரியவரே, எங்க பக்கம் கோடையில எல்லாக் கிணறும் அப்படித்தான்” என்றார் அவர். நூல்களிலுள்ள சாஸ்திரமும் இதையே கூறுகின்றது. இலையில் குளோரின் மிகுந்தால் தீ சரியாகப் பற்றாது. அணைந்து அணைந்து எரியும். சாம்பலும் கறுக்கும். பொட்டாஷ் சத்து போதிய அளவிருந்தால் தீ சீராக ஓடும். சாம்பல் வெளுப்பதற்கு மண்ணிலுள்ள மக்னீசியமும் சுண்ணாம்பும் காரணம். வெண்மை ஒன்றே தரமாகாது. உறுதியும் சீரான எரிதலும் சேர வேண்டும். மெல்லும் புகையிலைக்கு உவர்நீர் பெருங்குறையன்று. புகைக்கும் இலைக்கு அது கேடு. ஒரே கிணற்றடியில் இரண்டையும் பயிரிடுவோர் இதைக் கருத வேண்டும். பொட்டாஷ் உரத்தில் மலிவாகக் கிடைப்பது மியூரியேட். அதில் குளோரின் உண்டு. புகையிலைக்கு ஏற்றது சல்பேட். விலை கூடுதலாயினும் புகைக்கும் இலை பயிரிடுவோர் மியூரியேட்டைத் தொடாமலிருப்பதே நன்று. எனவே தரம் பார்ப்பவன் சாம்பலில் காண்பது பெரும்பாலும் நம் கிணற்றையும் உரமூட்டையையுமே.

அறுவடைக்குப் பின் செய்யும் பதம் அடுத்தது. இலையைக் குவியலாக அடுக்கி வைத்தால் உள்ளே தானாகச் சூடேறும். கை பொறுக்காத சூடு வருமுன் குவியலைப் பிரித்து, உள்ளிருப்பதை வெளியிலும் வெளியிலிருப்பதை உள்ளேயும் மாற்றி அடுக்க வேண்டும். பலமுறை இவ்வாறு செய்தால் நவச்சார நெடி கழிந்து, காரம் தணிந்து, நிறம் ஒன்றாகும். இதற்கு வாரக்கணக்கில் காலம் வேண்டும். காலத்துக்குப் பணம் வேண்டும். கையில் பணமில்லாத குடியானவன் பாதிப் பதத்திலேயே விற்றுவிடுகிறான். அதற்கு முன் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுவோரும் உண்டு. ஒரு கணக்கு பார்க்கலாம். 100 கிலோ இலையில் 10 கிலோ நீர் ஏற்றி 110 கிலோவுக்குப் பணம் கேட்கிறோம். வியாபாரி அறியாதவனா? எல்லாருடைய இலையிலும் பத்து கிலோ நீர் உண்டென்று வைத்து விலையைக் குறைத்துக்கொள்கிறான். நேர்மையாகக் காயவைத்தவனுக்கே நஷ்டம். ஈர இலையில் பூஞ்சணம் பூத்தால் குவியல் முழுவதும் பாழ். இங்கேதான் சங்கம் குறுக்கிட இடமிருக்கின்றது. இலையைச் சங்கக் கிடங்கில் வைத்து, அதன் பேரில் முன்பணம் கொடுத்து, பதம் முடிந்த பின் தரவாரியாக விற்றால், அந்த வாரங்களின் விலை அங்கத்தினருக்கே சேரும். நெல்லுக்கும் பருத்திக்கும் இந்த ஏற்பாடு புதியதன்று.

மேல்சுற்று இலை நம் பக்கத்தில் எளிதில் வாய்ப்பதில்லை. வெயில் கடுமையானால் இலை தடித்துவிடும். ஈக்குவடார் நாட்டில் மேகமே பந்தலாக நின்று இலையை மெல்லியதாக்குகின்றது. வேறிடங்களில் துணிப்பந்தல் போடுகின்றனர். நம் நாட்டில் மேல்சுற்று இலைக்குப் பெயர்பெற்றது மேற்கு வங்காளத்தின் தினஹட்டா பகுதி. சுருட்டுப் புகையிலை ஆராய்ச்சிக்கு 1948இல் வேடசந்தூரிலேயே ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. பயிர்க்காரர் அங்குள்ள நிபுணரை அணுகி மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்துக்கொள்வது, ஊகத்தில் உரம் போடுவதினும் மலிவானது.

சுற்றிய சுருட்டை வைத்துக் காப்பதிலும் தரம் உயரும், தாழும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65 முதல் 70 வரை இருந்தால் சுருட்டு நலமாயிருக்கும். திருச்சியின் சித்திரை வைகாசியில் அது காய்ந்து வெடிக்கும். ஐப்பசி அடைமழையில் பூஞ்சணம் பிடிக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கத்தில் இருந்தாலும் கோடையின் உலர்ந்த காற்றுக்கு விலக்கில்லை. மூடி இறுகப் பொருந்திய மரப்பெட்டி உதவும். ஊசித் துளைபோல் சுருட்டில் ஓட்டை கண்டால் புகையிலை வண்டு வந்துவிட்டது என்று அறியலாம். மஞ்சள், மிளகாய் வற்றல் மூட்டைகளைத் துளைப்பதும் அதே வண்டுதான். வெப்பம் ஏறினால் அது பெருகும். அயல்நாட்டுப் பட்டறைக்காரர் சரக்கைச் சில நாள் கடுங்குளிரில் உறைய வைத்து முட்டையை அழிக்கின்றனர். புகையிலையையும் மஞ்சளையும் ஒரே கிடங்கில் அடுக்கும் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புகையிலையின் தேவை குறைய வேண்டும் என்பதே நாட்டின் கொள்கை. அது சரியான கொள்கை. அவ்வாறாயின் இத்தொழிலைச் சீர்ப்படுத்துவானேன் என்று கேட்கலாம். கண்ணூரில் 1968இல் ஒரு பெரிய பீடிக் கம்பெனி வேலையை நிறுத்தியபோது வேலையிழந்தோர் 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினர். வேலை நடக்கையில் ஒருவர் செய்தித்தாள் படிக்க மற்றவர் கேட்டுக்கொண்டே சுற்றுவது அங்கே வழக்கம். ஹவானாச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதலே இவ்வாறு படிப்போர் இருந்தனர். அவர்களுக்குச் சம்பளம் தந்தவர்களும் தொழிலாளரே. பீடியின் தேவை குறைந்தபோது கண்ணூர்ச் சங்கம் கலையவில்லை. குடை, உணவுப்பண்டம், ஆயத்த ஆடை என்று வேறு தொழில்களில் இறங்கியது. தரம் பார்த்து, எடை பார்த்து, கணக்கு எழுதப் பழகிய சங்கத்தால் சரக்கை மாற்ற முடிந்தது. தனித்தனியே வியாபாரியிடம் இலை போட்டுக்கொண்டிருப்பவர்களால் அது இயலுவதன்று.

தரப் பதிவேடு வைக்க விரும்பும் சங்கங்கள் சாதாரணக் கோடு போட்ட நோட்டிலேயே தொடங்கலாம். பத்தி தலைப்புகள் வருமாறு: அங்கத்தினர் எண், வயல், கிணறு, அறுத்த நாள், குவியல் மாற்றிய நாள்கள், ஈரம், நிறம், நெடி, எரி சோதனை. எரி சோதனைக்குச் சுருட்டே வேண்டாம். காய்ந்த இலையொன்றை எடுத்து, ஊதுவத்தியின் கங்கை அதில் ஒட்டி, சுடர் எழாமல் எத்தனை விநாடி கனன்று பரவுகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதினால் போதும். ஒரே இலையில் மூன்று இடத்தில் செய்து சராசரி எடுக்க வேண்டும். சோதிப்பவருக்கு அங்கத்தினர் பெயர் தெரியாமலிருக்க, கட்டுகளில் பெயருக்குப் பதில் வண்ண நூல் கட்டலாம். கழிவு நூலுக்கு நெசவாளர் சங்கங்களில் பஞ்சமில்லை.